நாலா, இரண்டா?

நூலகங்களுக்கான இலவச மென்பொருள் ஒன்றை வெவ்வேறு ஊர்க்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து எழுதினார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு நூலகர். நிரலில் உள்ளே தள்ளி எழுதும் வரிகளுக்கு முன்னால் நாலு இடைவெளி விட்டே ஆகவேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். மற்றவர்களுக்கு இரண்டே போதும். ஆறு வாரம் மின்னஞ்சலில் மல்லுக்கட்டியபின் வாக்கெடுப்பு நடந்தது. அவருக்கு விழுந்தது அவருடைய ஓட்டு மட்டும்தான்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி கேட்டார்: "ரெண்டு விட்டா புரோகிராம் ஓடாதாங்க?"

"ஓடும்."

"நாலு விட்டா வேகமா ஓடுமோ?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி?"

மறுநாள் அவரே எல்லா வரிகளையும் இரண்டுக்கு மாற்றினார். அதே வாரம் குழுவில் ஒருவர் மூன்று இடைவெளி விட்டு எழுதி அனுப்பியதை, "பேசி முடிவு பண்ணினா பண்ணினதுதான்" என்று திருப்பியும் அனுப்பினார்.