வாசகர் குழுவில் ஒரு பொதுநிறத்தான்

போன கிழமை காருக்குக் கோடைகால டயர் மாற்றக் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் இரண்டு கார்கள் நின்றன. சும்மா நிற்பானேன் என்று காருக்குள் சேர்ந்திருந்த குப்பையை ஒதுக்கத் தொடங்கினேன். முன்னிருக்கைக்கு எதிரே இருக்கும் சிறு தட்டறைக்குள் உடைந்த பனிச்சுரண்டி, எக்காலத்திலோ வாங்கிய இருமல் இனிப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மஞ்சள் டப்பா. மூடியைத் திறந்ததும் கார் முழுக்கச் சொக்லேட் வாசம் அடித்தது. கொக்கோ வெண்ணெயில் செய்த கைக்கிரீம். அரைவாசிக்கு மேல் அப்படியே இருந்தது.

ஒரு நாவலை வாசித்த குற்றத்துக்காக நான் வாங்கிய கிரீம் அது.

நான் எதையும் ஆண்டு மாதத்தோடு ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆள். டென்மார்க்கின் யூலண்டுப் பகுதியில் இருக்கும் இக்காஸ்டுக்குத் தமிழர் வந்து குடியேறிய கதையைச் சில காலமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தக் குடும்பம் எப்போது வந்தது, எந்தத் துணி ஆலை எப்போது மூடியது என்று கேட்டால் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன் என்பது என் மனைவியின் முறைப்பாடு. ஆனால் இந்தக் கிரீமின் கதைக்கு மட்டும் என்னிடம் ஒரு திகதியும் இல்லை. அது நடந்த இடம் முகநூலில் ஒரு குழு. அந்தக் குழு இப்போது இல்லை. பதிவுகளோடு திகதிகளும் போய்விட்டன. அதனால் டயரை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறேன். குளிர்கால டயர் பூட்டிய பிறகு சேர்ந்தேன். கொரோனா முடிந்து எல்லாரும் முகக்கவசத்தைக் குப்பையில் போட்ட பிறகு வந்த குளிர்காலம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இதற்கு மேல் எல்லாவற்றிலும் சந்தேகம்தான்.

நூலகத்தில் ஒரு நாவல் எடுத்திருந்தேன். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை. வாசித்து முடித்ததும் யாரோடாவது கதைக்க வேண்டும்போல இருந்தது. எங்களுடைய ஆட்களோடு கதைக்கலாம்தான். ஆனால் இங்கே வாசிக்கிறவர்கள் கொஞ்சம், அந்தக் கொஞ்சப் பேரும் ஒருவரோடொருவர் கோபம். இணையத்தில் தேடினேன். அந்த நாவலைப் பற்றிப் பொதுவெளியில் ஒரு பெண் எழுதியிருந்தார். கீழே நான் ஒரு பந்தி எழுதினேன். "இதை எங்கள் குழுவுக்கு வந்து எழுதுங்கள்" என்று அவரிடமிருந்து அழைப்பு வந்தது. டென்மார்க்கில் வாழும் கறுப்பின வாசகர்களின் குழு. கானா, சோமாலியா, கொங்கோ, கரீபியன் என்று பல திசைப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். டேனிஷும் ஆங்கிலமும் கலந்து எழுதுவார்கள். அழைத்தவர் எஃபுவா. எஸ்பியர்க்கில் தாதியாக வேலை செய்பவர். குழுவை நடத்துபவரும் அவர்தான்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. வாசிக்கிற புத்தகத்தைக் கையில் பிடித்துப் படம் போட வேண்டும். முகம் வரக்கூடாது, கையும் புத்தகமும் மட்டும். நானும் காருக்குள் இருந்தபடி ஸ்டியரிங்குக்கு மேல் புத்தகத்தைப் பிடித்து ஒரு படம் எடுத்துப் போட்டேன். எனது கை எப்படிப்பட்டது என்பதை நான் சொல்ல வேண்டும். அங்கே போட்டிருந்த பல கைகளைவிடக் கறுப்பு. அதோடு யூலண்டின் மாசி மாதக் காற்று பட்டு விரல் மொளியெல்லாம் வெளிறிக் கிடந்தது.

முதல் மறுமொழி யூசுப்பிடமிருந்து வந்தது. ஓர்ஹூஸில் பஸ் ஓட்டும் சோமாலியர். அவர் டேனிஷில் எழுதியதை என் தமிழில் தருகிறேன். டேனிஷில் எல்லாருக்கும் ஒரே 'டு'. நீயா நீங்களா என்பது என் முடிவு. யூசுப்பின் குணத்துக்கு நீதான் சரி.

"புத்தகம் நல்லது. கைக்கு ஏதாவது பூசு ராசா. மாச்சட்டிக்குள்ள விட்டு எடுத்த மாதிரிக் கிடக்கு."

கீழே சிரிப்புக் குறிகள் வரிசையாக வந்தன. ஒருவர் எந்தக் கிரீம் என்று எழுதினார். இன்னொருவர் அது எந்தக் கடையில் மலிவு என்று எழுதினார். நான் அடுத்த நாளே வாங்கினேன். இந்த நாட்டில் என் தோலைப் பார்த்து யாரும் அவ்வளவு உரிமையோடு பகிடி விட்டதில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட முற்றத்தில் விட்டிருக்கிறார்கள். அது வேறு. பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கொண்டுவரும், சொக்லேட் பூசிய நுரை இனிப்பு ஒன்றுக்கு அப்போது கறுப்பரைக் குறிக்கும் பெயர் இருந்தது. அதே பெயரால்தான் என்னையும் கூப்பிட்டார்கள். இனிப்புக்கு இப்போது வேறு பெயர். என்னைக் கூப்பிட்ட பொடியன்களில் ஒருவன் இப்போது எனக்குக் காப்புறுதி விற்கிறான். மிக மரியாதையான மனிதன்.

குழுவில் என் பெயர் நிலைத்தது அடுத்த நாவலோடு. அதில் ஒரு சிறுமி, மொழி தெரியாத தாய்க்கு மருத்துவரிடம் மொழிபெயர்க்கப் போகிறாள். மருத்துவர் சொன்ன கெட்ட செய்தியைத் தாய்க்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறாள். அவள் செய்தது சரியா பிழையா என்று இரண்டு கிழமை சண்டை. எஃபுவா அது அன்பு என்றார். யூசுப், "அன்புமில்லை ஒண்டுமில்லை. அந்தப் பெட்டைக்குத் தாயை ஆள ஆசை" என்றார். நான் என் கதையை எழுதினேன். அப்பாவுக்குத் துணி ஆலையில் பெரிய துணிச்சுருள் தூக்கி முதுகு போய்விட்டது. நான்தான் மொழிபெயர்ப்பாளன். அப்பா நோவு எங்கே தொடங்குகிறது, எப்படி இறங்குகிறது, படுத்தால் என்ன, திரும்பினால் என்ன என்று விலாவாரியாகச் சொல்வார். நான் மருத்துவரைப் பார்த்து, "முதுகு நோகுதாம்" என்பேன்.

"இவ்வளவுதானா?" என்பார் மருத்துவர்.

"எல்லாம் சொன்னனியோ?" என்பார் அப்பா.

"ஓமப்பா."

அதற்குக் கீழே வந்த மறுமொழிகளை எண்ணிக்கொண்டிருந்தவன் நான்தான், வேறு யார்? நானும் அப்படித்தான், நானும் அப்படித்தான் என்று ஒவ்வொருவராகத் தங்கள் மருத்துவர், தங்கள் அப்பா. "இந்த நாட்டில் வளர்ந்த ஒவ்வொரு கறுப்புப் பிள்ளையின் கதையும் இதுதான்" என்று ஒருவர் முடித்துவைத்தார். நான் அதற்கு விருப்பக் குறி போட்டேன். போட்ட பிறகுதான், எதற்குப் போட்டேன் என்று யோசித்தேன். பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லைப்போல இருந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லையே. இலங்கை என்று ஒருமுறை எழுதினேன். ஒரு பெண், "அங்கேயும் ஆபிரிக்க வம்சத்தவர் இருக்கிறார்கள் என்று வாசித்திருக்கிறேன்!" என்று மகிழ்ந்து எழுதினார். இருக்கிறார்கள், புத்தளம் பக்கத்தில் என்று நான் வரலாற்றை எழுதினேன். நான் அவர்களில் ஒருவன் இல்லை என்ற வரியை எங்கே நுழைப்பது என்று தெரியவில்லை.

கோடைகால டயர் மாற்றி, திரும்பக் குளிர்கால டயர் பூட்டுவதற்கு முன்னால் பிரச்சினை வந்தது. குழு பெருத்துவிட்டது. யாரோ உள்ளே நடந்த கதையைப் படமெடுத்து வெளியே போட்டுவிட்டார்கள். ஆய்வுக்கென்று வந்த மாணவர்கள் சத்தம் போடாமல் இருந்து குறிப்பு எடுத்தார்கள். அதனால் எஃபுவா ஓர் அறிவித்தலைக் குழுவின் தலையில் ஒட்டினார். இனிமேல் இது கறுப்பின வாசகர்களுக்கு மட்டும். ஒவ்வொருவரும் தான் யார் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

ஒரு வரி! இக்காஸ்டின் முதல் தமிழ்க் கடையைப் பற்றி நான்கு பக்கம் எழுதினவன் நான். எழுதினேன், அழித்தேன், எழுதினேன். அந்த இடம் போய்விட்டால் வாசித்ததைப் பற்றிக் கதைக்க எனக்கு வேறு இடம் இல்லை. சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னேன். ஓர்ஹூஸில் படிக்கும் மகள் மீரா வந்திருந்தாள்.

"உந்தக் கறுப்பரின்ர குழுவுக்குள்ள உங்களுக்கு என்னப்பா வேலை?" என்றாள் மனைவி.

"என்னைப் பாத்தா வெள்ளை மாதிரி இருக்கே?"

"கலியாணம் பேசேக்கை உங்கட அம்மா என்ன சொன்னவா? பொடியன் பொதுநிறம் எண்டு. நானும் நம்பி வந்தனான்."

மீரா சிரித்துவிட்டு டேனிஷில் தொடங்கினாள். அப்பா, நீங்கள் கறுப்பு இல்லை, பழுப்பு. இரண்டும் வேறு வேறு வரலாறு, வேறு வேறு அனுபவம். அவர்களின் இடத்தை எடுக்காதீர்கள்.

"என்னைப் பள்ளிக்கூடத்தில் கறுப்பன் எண்டுதானே கூப்பிட்டவங்கள்?"

"அவங்கள் பிழையா கூப்பிட்டவங்கள் அப்பா," என்றாள், இதை மட்டும் தமிழில்.

நான் கோழிக்கறியைக் கிளறிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பொதுநிறம், பள்ளிக்கூடத்துக்குக் கறுப்பு, மகளுக்குப் பழுப்பு. மூன்று பேரும் ஒரே ஆளைப் பார்த்துத்தான் சொன்னார்கள். இதில் யார் பிழை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எஃபுவாவுக்குத் தனியாக எழுதினேன். "எஸ்பியர்க் பக்கம் வந்தால் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. வேண்டுமென்றே ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டு போனேன். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கோப்பிக்கடை. முகத்தை முதல்முறை கண்டேன். என்னைவிட இளையவர், வேலை உடுப்புக்கு மேல் மழைக்கோட்டு. நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். கையைப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள், நான் திருத்தியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

அவர் கோப்பியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உங்கட பேர் முகநூல் கணக்கில பெரிசா எழுதிக் கிடக்கு. ஒரு றோட்டு நீளம். கானாவிலயும் இல்லை, சோமாலியாவிலயும் இல்லை அப்பிடி ஒரு பேர். எங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சனீங்களோ?"

அப்படியென்றால் யார் யாரைப் பிழையாக விளங்கிக்கொண்டது? நான் இவ்வளவு காலமும் ஒளித்ததாக நினைத்தது ஒளிந்திருக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. பிறகு சந்தோசமாக இருந்தது. தெரிந்துகொண்டுதான் வைத்திருந்தார்கள்!

"அப்ப நான் நிக்கலாமோ?" என்றேன்.

அவர் மழைக்கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"நீங்கள் கறுப்போ இல்லையோ எண்டு நான் சண்டை பிடிக்க வரேல்லை. அது எனக்கும் தெரியாது. விஷயம் வேறை." குழுவில் எந்தப் பதிவும் அவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் எல்லார் கண்ணுக்கும் தெரியும். "ஒரு பிள்ளை ஒண்டு எழுதி அனுப்பினது. ஒரு நாவலைப் பற்றித் தொடங்கி, தன்ர கதைக்கு வருது. ஹேர்னிங்கில, உங்கட ஊருக்குக் கிட்ட, ஒரு குடும்பம். உங்கட ஆக்கள். நான் இன்னும் போடேல்லை."

"ஏன்?"

"நீங்கள் வாசிப்பீங்கள் எண்டு."

"வாசிச்சா என்ன?"

"விளக்கம் சொல்லுவீங்கள். எல்லாரும் அப்பிடியில்லை எண்டு எழுதுவீங்கள். நல்ல மனுசன், கட்டாயம் எழுதுவீங்கள். பிறகு அந்தப் பிள்ளை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும்."

நான் எழுதமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளுக்குள் முதல் வரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன எழுதியிருக்கிறா எண்டு எனக்கு மட்டும் காட்டுங்கோவன்."

"அதைக் காட்டினா, நான் எதுக்கு இவ்வளவு நாளும் மறைச்சு வைச்சனான்?"

விடைபெறும் பதிவு எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். எழுதினால் போகாதே என்று எல்லாரும் வருவார்கள், பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும். அதுவும் உண்மைதான். அதுதான் எனக்கு வேண்டியும் இருந்தது. காருக்கு வந்து, கடற்காற்றில் கார் ஆடிக்கொண்டிருக்க, விலகும் பொத்தானை அழுத்தினேன். முகநூல், நிச்சயமா என்று கேட்டது. நிச்சயமில்லை என்பதற்கு அங்கே பொத்தான் இல்லை.

சில கிழமை கழித்து யூசுப்பிடமிருந்து செய்தி வந்தது.

"எங்கே போனாய்? ஒரு பெட்டை நல்ல பதிவு ஒண்டு போட்டிருக்கிறாள். அவளைக் கலியாணப் பேச்சுக்குக் கூட்டிக்கொண்டு போன பொடியன்ர வீட்டில, தாய் குசினிக்குள்ள நிண்டு ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னவாவாம். பொடியன் அதை மொழிபெயர்க்கேல்லையாம். இவள் கேட்டபடி எழுதி வைச்சிருக்கிறாள். கீழே எல்லாரும் அதுக்கு என்ன அர்த்தம் எண்டு கேக்கினம். உன்ர மொழிதானே?"

அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் அந்தச் சொல். எழுத்துகள் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் எனக்கு வாசிக்கக் கஷ்டமில்லை. ஆபிரிக்கரைக் குறிக்க எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லும் சொல். யாழ்ப்பாணத்து வாசகருக்கு நான் அதை எழுதிக் காட்டத் தேவையில்லை. மற்றவர்களுக்கு எழுத விருப்பமில்லை.

என் கை வழக்கம்போல வரலாற்றைத் தொடங்கியது. இது எங்கள் சொல்லே அல்ல, அரபு வணிகர் வாயிலிருந்து வந்தது, போர்த்துக்கீசர் கொண்டுவந்தது, முதலில் இதற்கு மதத்தைப் பற்றிய அர்த்தம்தான். நீளமாக எழுதினேன். திரும்ப வாசித்தால் அந்தத் தாயைப் பிணையில் எடுக்க வந்த வழக்கறிஞர்போல இருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன்.

"அது உங்கள் எல்லாரையும் சொல்கிற சொல். நல்ல சொல் இல்லை" என்று அனுப்பினேன்.

"நாங்கள் அப்பிடித்தான் நினைச்சனாங்கள்" என்று பதில் வந்தது. பகிடி ஒன்றும் இல்லை. யூசுப் எனக்குக் கடைசியாக எழுதியது அதுதான்.

அடுத்த டயர் மாற்றத்துக்கு முன்னால் குழுவை மூடிவிட்டார்கள். ஏன் என்று தெரியாது. களைத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். வேறிடத்தில், அழைப்பில்லாமல் நுழைய முடியாத இடத்தில் தொடங்கிவிட்டார்கள் என்றும் கேள்வி. பழைய முகவரியை அழுத்தினால் இந்தப் பக்கம் இப்போது கிடைக்காது என்று வருகிறது. கைகளும் புத்தகங்களும், மருத்துவரும் அப்பாக்களும், இரண்டு கிழமைச் சண்டையும் போய்விட்டன. நான் சொன்ன அர்த்தத்தை யூசுப் அந்தப் பதிவுக்குக் கீழே போட்டாரா, போட்டிருந்தால் என் பெயரோடு போட்டாரா, அதை அந்தப் பிள்ளை வாசித்ததா என்பதும் அதோடு போய்விட்டது. ஹேர்னிங்கில் கலியாண வீடுகளுக்கு இப்போதும் போகிறேன். பந்தியில் சோறு போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடட்டோ அண்ணை, வெக்கப்படாதேங்கோ" என்று சிரிக்கிற ஒவ்வொரு தாயின் முகத்தையும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிடுகிறேன். எல்லாரும் நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள்.