ஒன்பதாம் எண் பொத்தான்

அப்பாவின் மறதி நோய்க்காக டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கிக்குள் நுழைந்ததும் கேட்டேன், "நம்ம வீடு எத்தனாவது மாடிப்பா?" பரீட்சை வைப்பதுபோல் கேட்பது எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியலம்மா," என்றார். ஆனால் அவர் விரல் நேராகப் போய் ஒன்பதை அழுத்தியது. வீடு இருப்பது ஏழில்.

திருத்த வாய் திறந்தவள் நிறுத்திக்கொண்டேன். நான் சிறுமியாக இருந்தபோது இந்த மின்தூக்கி ஐந்திலும் ஒன்பதிலும் மட்டுமே நிற்கும். அம்மா ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கி வரும்போது அப்பா ஒன்பதுவரை போய், இரண்டு மாடி இறங்குவார். "சுமையோட ஏறுனா மூச்சு வாங்கும் லா," என்பார். வலக்கையில் பை, இடக்கையில் நான். படியெல்லாம் மீன் தண்ணீர் சொட்டும். எட்டாம் மாடியில் யாரோ வதக்கும் மிளகாய்ச் சம்பல் கண்ணைக் கரிக்கும்.

இப்போது மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறது. எண்களும் பெயர்களும் மறந்தாலும், கைகால் பழகியது மூளையில் வேறோர் இடத்தில் தங்கியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒன்பதில் கதவு திறந்தது. அப்பா தயங்காமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். முதல் படியில் நின்று, என்னைப் பார்க்காமலே இடக்கையை விரித்து நீட்டினார், ஏழு வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில்.

ஐம்பது வயதுக்காரி நான், குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.