ஏழுமலை மாட்டிய பெரிய ஃபேன்

எங்கள் வீட்டில் ஃபேன் சண்டை புதிதல்ல. நான் ஐந்தில் வைப்பேன். மனைவி ஒன்றுக்கு இறக்குவாள். கரண்ட் பில் பயம் என்று நானாகவே முடிவு கட்டி, கல்யாணமான நாளிலிருந்து முனகிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குப் போனபோதுதான் தெரிந்தது... ஃபேனுக்காகச் சண்டை போடும் ஜோடி நாங்கள் மட்டும் இல்லை!

என் தங்கை வசந்தி கள்ளக்குறிச்சியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். அவள் வேனில் ஏறினால் பிள்ளைகள் தூங்கிவிடும், அவ்வளவு நிதானம். அதே வசந்தி ஞாயிற்றுக்கிழமையானால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மண் டிராக்கில் கார் ரேஸ் ஓட்டுவாள். காய்ந்த ஏரியோ, அறுவடை முடிந்த கழனியோ, எங்கே ரேஸ் என்றாலும் ஆஜர். கூடப் பிறந்தவன் நான். எனக்கு சைக்கிளே ஒழுங்காக ஓட்ட வராது.

வண்டி, ஒரு பழைய சின்ன கார். மெக்கானிக், அவள் புருஷன் ஏழுமலை. சங்கராபுரம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறார். வாயில்லாப் பூச்சி. ஆனால் இஞ்சின் விஷயத்தில் மட்டும் பெண்டாட்டியோடு மல்லுக்கு நிற்பார்.

மண் டிராக்கில் ரேடியேட்டரில் சேறும் புழுதியும் அப்பிக்கொள்ளும். காற்று போகாது, இஞ்சின் கொதித்துவிடும். அதனால் ஃபேன் முக்கியம். எந்த ஃபேன்? அங்கேதான் தகராறு. பேட்டரியில் ஓடுகிற சின்ன ஃபேன் போதும், வண்டி லேசாக இருக்கும் என்பாள் அவள். பெல்ட்டில் சுற்றுகிற பெரிய ஃபேன்தான் வேண்டும் என்பார் அவர்.

"அத்தாம் பெரிய ஃபேன சுத்தறதுக்கே பாதி பலம் பூடுது மாமா. அப்புறம் வண்டி எங்க ஓடும்?"

"ஓடலன்னா பரவால்ல. சூடு ஏறக் கூடாது."

கடைசியில் மாட்டியது அவர் சொன்ன பெரிய ஃபேன்தான். பெட்ரோலிலும் இதே கதை. கார்பரேட்டருக்குள் 'ஜெட்' என்று பித்தளையில் ஒரு குட்டித் துண்டு இருக்கிறது. அதன் ஓட்டை பெரிதானால் பெட்ரோல் அதிகம் போகும். இஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் மந்தமாகிவிடும். ஓட்டை சிறிதானால் சுறுசுறுப்பு, கூடவே சூடு. ரொம்பச் சிறிதாக வைத்தால் பிஸ்டனே பொத்துப்போகும். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? வாராவாரம் இவர்கள் சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணுகிறேனே, தெரியாமல் இருக்குமா!

வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி பிடுங்கிய நிலத்தில் ரேஸ். காலையில் ஒரு ஓட்டம். அதில் எப்படி வந்தாலும் சரி, மதியம் ஃபைனல். மலை மேல் காற்று மெலிசு என்பதால் பெட்ரோலையும் குறைக்க வேண்டும். வசந்தி முதல் நாளே சின்ன ஜெட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்து, மாட்டச் சொல்லியிருந்தாள். போன வருஷம் ஒரு ரேஸில் கார் உருண்டு அடிபட்ட பிறகு அவள் ஓட்டுகிற முதல் ரேஸ் இது. ஜெயிக்க வேண்டும் என்றுகூட அவள் சொல்லவில்லை. "பழைய மாதிரி ஓட்ட வருதான்னு பாக்கணும்ண்ணா" என்றாள்.

காலை ஓட்டம்... ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்! கறுப்புப் புகை. திக்கித் திக்கி, இருமி இருமி, கடைசியாக வந்து நின்றது கார். வேலியோரம் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் அவர்களை முறைத்தேன். வேறென்ன செய்ய?

வசந்தி இறங்கினாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பெட்ரோல் மிஞ்சிப்போய் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. ஏழுமலை மரவள்ளிக் குச்சிக் கட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழைய ஜெட்டேதான் உள்ள கீது. இல்ல மாமா?"

ஏழுமலை கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எடுத்துக் குடுத்தது எங்க?"

மனுஷன் மெல்லச் சட்டைப் பையில் கை விட்டார். காகிதத்தில் மடித்து வைத்திருந்த சின்ன ஜெட் வந்தது. கீழே சமவெளியில் இருந்தவரை பெரிய ஜெட்டோடும் வண்டி ஏதோ ஓடியது, குட்டு வெளிப்படவில்லை. மலைக்காற்று காட்டிக்கொடுத்துவிட்டது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "மாப்ள, இன்னா வேல இது!" என்று கத்தியே விட்டேன்.

"நீ சும்மா இரு மச்சான்," என்றார். "அன்னிக்கு மணலூர்பேட்டை ஏரில வண்டி உருண்டுச்சே... உள்ளருந்து இவ சத்தமே வரல. நான் தான ஓடிப் போயி கதவ ஒடச்சேன். உனக்கு இன்னா தெரியும்?"

எனக்குத் தெரிந்தது அதற்குப் பிறகு நடந்தது மட்டும்தான். தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டு வசந்தியால் கையைத் தூக்க முடியாமல் கிடந்தபோது, தினமும் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டவர் இவர்தான். கிரீஸ் வாசனையோடு, கோணல்மாணலாக ஒரு ஜடை.

வசந்தி அவர் பக்கத்தில் போய் நின்றாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"இஞ்சினு சூட்டுக்கு ஃபேன் வெச்சுட்ட. வயித்துல நெருப்பக் கட்டிக்கினு நிக்கிறியே, உனக்கு இன்னா வெக்கறது?"

அவர் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும்தான். புழுதி என்று சமாளித்துக்கொண்டேன்.

"ஓட்டாதன்னு சொல்லு மாமா, ஓட்டல. இப்பவே வூட்டுக்குப் போலாம். ஆனா ஓட்டுன்னு சொல்லிட்டு வண்டிய உள்ள கட்டிப்போடாத."

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார். தன் கையாலேயே சின்ன ஜெட்டை மாட்டினார். பிளக்கை மாற்றினார். நிமிர்ந்து, "ஃபேன மட்டும் மாத்த மாட்டேன்" என்றார்.

"ஃபேன் உன் இஷ்டம். பெட்ரோல் என் இஷ்டம்."

ஹெல்மெட்டுக்குள் போவதற்கு முன் அவள் திரும்பி நின்றாள். அவர் அவளுக்குத் தலை பின்னிவிட்டார். அத்தனை பேர் பார்க்க! இந்தத் தடவை ஜடை நேராக வந்தது.

ஃபைனலை ஏழுமலை பார்க்கவே இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா மச்சான், எங்க வரா?" "வளைவுல கீறா." "இப்போ?" "ரெண்டு பேர முந்திட்டா மாப்ள!" என் கை நசுங்கிப் போனது. கடைசிச் சுற்றில் முன்னால் போன ஒரு கார் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறக்க நின்றுவிட்டது. நம் கார் கொதிக்கவில்லை. வசந்தி இரண்டாவதாக வந்தாள். இறங்கி நேராக வந்தவள், "பெரிய ஃபேன் காப்பாத்திடுச்சு மாமா" என்றாள். அவர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். மலை இறங்கி கோமுகி அணைப் பக்கம் வந்ததும் ஓரங்கட்டினாள். பானட்டைத் திறந்தாள்.

"இன்னா ஆச்சு?" என்று பதறி இறங்கினார் ஏழுமலை.

"ஒண்ணும் ஆவல. கீழ வந்துட்டோம் இல்ல? உன் ஜெட்ட எடு. இங்க அதான் சரி."

அவர் எடுத்துக் கொடுத்தார். அவளே மாட்டினாள். கள்ளக்குறிச்சி வரை கார் ஸ்கூல் வேன் வேகத்தில் வந்தது. பின் சீட்டில் நான் தூங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். ஃபேனை ஐந்தில் வைத்தேன். மனைவி வந்து ஒன்றுக்கு இறக்கினாள். "கரண்ட் பில்லுக்குத்தானே?" என்றேன், முதல் முறையாக.

"யார் சொன்னா? வேகமா வெச்சா காலைல உங்களுக்கு மூச்சு வாங்குதுல்ல..."

இந்தப் பத்தியை வேர்க்க விறுவிறுக்க எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபேன் ஒன்றில்தான் ஓடுகிறது!