பட்டாபியும் மொட்டைமாடி ஏரியலும்

பகவானே, ஆபீஸ் விட்டு வந்த மனுஷர் கொஞ்ச நேரம் சும்மா இருக்கமாட்டாரா? என் வீட்டுக்காரர் பட்டாபி இருக்கமாட்டார். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள், எழுதினால் தோஷமில்லை. இப்போது வங்காளத்தில் வாசம், சால்ட் லேக்கில் ஆபீஸ், டாலிகஞ்சில் குவார்ட்டர்ஸ். இரண்டு பஸ் மாறி, நசுங்கி, ஆறரை மணிக்கு வந்து சேர்வார். காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். தொண்ணூற்று மூன்று நவம்பரிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் சாயரட்சை பூஜை.

டி.வி.யில் படம் சரியாக வரவில்லை. ஒரு ஆள் நின்றால் பக்கத்திலேயே மங்கலாக அதே ஆள் இன்னொரு தரம் நிற்பார். சில நாள் வெறும் புள்ளி மழை. இத்தனைக்கும் டி.வி. டவர் எங்கள் ஜன்னலிலிருந்தே தெரிகிறது. "ரொம்பக் கிட்டக்க இருந்தாலும் தொல்லைதான், லக்ஷ்மி" என்பார். என்னைத்தான் சொல்கிறாரோ என்று முறைப்பேன். ஒயரை மாற்றினார். பூஸ்டர் வாங்கி மாட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, இரட்டை ஆள் நாலு ஆள் ஆனதுதான் மிச்சம்.

இவர் மேலே ஏரியல் குழாயைத் திருப்புவார். எதிர் வீட்டு முகர்ஜி பௌதி (நம் பக்கத்து மன்னி) மாடிப்படியில் நிற்பாள். நான் டி.வி. முன்னால். "ஆஷ்சே?" என்று இவர் கேட்பார், வருகிறதா என்று. பௌதி அதை என்னிடம் இறக்கிவிடுவாள். "ஆஷ்சே நா!" வரவில்லை என்று நான் கத்துவேன். ஒரு சாயங்காலத்துக்கு ஐம்பது தரம். எனக்கு வந்த வங்காளியே அந்த ஒரு வார்த்தைதான்.

இவர் எதற்கும் ஆசைப்பட்டவர் இல்லை. ஆறு ஊர் மாற்றல், வாயைத் திறக்கவில்லை. வரவேண்டிய பிரமோஷனை வேறொருவன் தட்டிக்கொண்டு போனபோது, "போனாப் போறது, அவனுக்கு மூணு பொண்ணு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பேர்ப்பட்டவர் ஒன்றே ஒன்றுக்கு ஆசைப்பட்டார். எங்கள் ஒரே பெண் மதுவந்தி கல்லூரி என்.சி.சி.யிலிருந்து தேர்வாகி, டில்லி குடியரசு தின அணிவகுப்பில் நடக்கப் போகிறாள். அதை டி.வி.யில் பார்க்க வேண்டும். "பெண்கள் அணில ஓரத்துல வருவேன். ரெண்டு மூணு செகண்டுதான்பா காட்டுவா, கண்ணைக் கொட்டாம பாரு" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் இவர் சட்டைப் பையிலேயே கிடந்து மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது.

"வேற யாராத்துலயாவது போய்ப் பாத்தா ஆகாதா?" என்று கேட்டேன்.

"என் பொண்ணை என் ஆத்துல பாக்கணும்" என்றார். போதாததற்குக் கட்டடம் முழுவதையும் வேறு அழைத்துவிட்டு வந்தார்.

போன ஐப்பசியில் மாமியார் காலமானதிலிருந்து தினமும் சமைத்ததும் முதல் பிடி சாதத்தை மாடியில் காக்கைக்கு வைப்பேன். இவர் உத்தரவு. ஜனவரி இருபத்தைந்தாம் தேதி பருப்பு வேகாமல் கால் மணி தாமதமாகிவிட்டது. மேலே போனால், ஏரியல் குச்சிகளின்மேல் வரிசையாக ஏழு காக்கை, என் சாதத்துக்காகக் காத்திருக்கின்றன! ஒன்று எழும்புகிறது, இன்னொன்று உட்காருகிறது. ஏரியல் ஆடி ஆடி மெள்ளத் திரும்புகிறது. சாயங்காலம் பிள்ளை சரிசெய்ததை மறுநாள் காலையில் அம்மாவுக்கு வைத்த சாதம் கெடுத்திருக்கிறது, மூன்று மாசமாக! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் காக்கை உட்கார்ந்து டி.வி. போயிருக்கிறது.

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அம்மாவுக்கு வைக்கறதை நிறுத்திடாதே."

"அப்போ டி.வி.?"

"நான் பாத்துக்கறேன்."

மறுநாள் விடிந்ததும் போய், இனி அசையக் கூடாது என்று போல்ட்டை இறுக்கினார். இறுக்கிய இறுக்கில் மரை போய்விட்டது. ஏரியல் காற்றுக்கே சுற்ற ஆரம்பித்தது. குடியரசு தினம், கடையெல்லாம் லீவு. கயிறு கட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. கடைசியில் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

கீழே படம் பளிங்கு மாதிரி வந்தது. கூடம் முழுக்க ஜனம். பௌதி முரி என்கிற அரிசிப்பொரிக் கிண்ணத்தோடு முன்வரிசையில். ஒட்டகங்கள் போயின. பாண்டு வாத்தியம் போயிற்று. அடுத்தது என்.சி.சி. என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆசைப்பட்டவர் மாடியில், நான் நாற்காலியில், இது என்ன நியாயம்? யாரையாவது அனுப்பலாமென்றால் ஒருத்தரும் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானே ஓடினேன்.

"ஏன்னா, வரப்போறா! நீங்க போங்கோ, நான் பிடிச்சுக்கறேன்!"

"கை மாறினா திரும்பிடும்டி. நீ போய்ப் பாரு."

"மூணு மாசமா யார் அலைஞ்சா? நீங்க போங்கோன்னா!"

"லக்ஷ்மி, சண்டை போடாதே. ஓடு!"

போட்டேனே! படியிறங்காமல் நின்று சண்டை போட்டேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு. கீழே வந்தபோது கூடத்தில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பௌதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கீ ஷுந்தோர்!" என்றாள், எவ்வளவு அழகு என்று. திரையில் பள்ளிக்கூடக் குழந்தைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு இவர் இறங்கி வந்தார். உள்ளங்கை இரண்டிலும் துரு.

"பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

"இளைச்சிருக்காளா?"

"கொஞ்சம்."

"சிரிச்சாளோ?"

"பரேட்ல யாராவது சிரிப்பாளா?" என்று எரிந்து விழுந்தேன். சரிதான் என்று தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஆட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு செகண்ட் சிரிச்சா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் பட்டாபி. "அவளால சிரிக்காம இருக்க முடியாது."

நான் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.