பாரமில்லாத பள்ளம்

எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டில் அத்தை உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம், சனிக்கிழமைகளில் மாமா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து பௌதிகம் சொல்லிக்கொடுப்பார். அத்தை அப்பாவின் தங்கை. மாமா அம்மாவின் தம்பி, பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவர். அம்மா வீட்டார் கத்தோலிக்கர், அப்பா வீட்டார் சைவர். என் பெற்றோர் கல்யாணம் செய்துகொண்டபோது கிளம்பிய மனத்தாங்கல், எனக்கு எட்டு வயதான பின்னும் முழுதாக அடங்கியிருக்கவில்லை. பாடம் நடக்கும் அறையில் நானும் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. என் கல்வியில் அவருக்கிருந்த அக்கறையாகவே அதை நான் எடுத்துக்கொண்டேன்.

பரீட்சைக்குரிய பகுதி சீக்கிரமே முடிந்துவிடும். பிறகு அத்தை ஏதாவது கேட்பார். மாமா அண்டவெளிக்குப் போய்விடுவார். நட்சத்திரங்களையும் கோள்களையும் ஆள ஒரு கோட்பாடு, அணுவுக்குள் இருப்பவற்றை ஆள இன்னொன்று. தத்தம் இடத்தில் இரண்டும் தவறியதே இல்லை. ஆனால் பெரும் பாரம் ஒன்று மிகச் சிறிய இடத்துக்குள் நெருக்கப்பட்டால், இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அங்கே விடை எல்லையில்லாமல் பெருகிவிடுமாம்.

"அப்ப எது சரி, மாமா?"

"ரெண்டும் சரி, பிள்ளை. சேர்த்து வைக்கத்தான் இன்னும் ஒருத்தருக்கும் தெரியேல்லை."

அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, எனக்கு விளங்கப்படுத்துவதற்காக, படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை மாமாவும் மற்ற இரண்டை அத்தையும் இழுத்துப் பிடித்தார்கள். நடுவில் ஒரு தோடம்பழத்தை வைத்தேன். விரிப்பு குழிந்தது. ஓரத்தில் விட்ட கண்ணாடிக் குண்டுப் போளை சுற்றிச் சுற்றிப் பழத்தை நோக்கி உருண்டது. ஈர்ப்பு என்பது இந்தப் பள்ளம்தான், பாரம் இல்லாத இடத்தில் பள்ளம் இல்லை என்றார் மாமா. மிகக் கிட்டப் போய்ப் பார்த்தால் வெளி இவ்வளவு வழவழப்பாக இராது, கடற்கரை ரயில் போகையில் நம் ஜன்னல் கண்ணாடி நடுங்குவதுபோல் ஓயாமல் நடுங்கும் என்று சொல்லி விரிப்பை உதறினார். பழமும் போளையும் துள்ளி அலுமாரிக்கு அடியில் ஓடின.

நான் தவழ்ந்து போனேன். போளை பின்கால் ஒன்றில் சிக்கியிருந்ததால் நேரமெடுத்தது. வெளியே வந்தபோது விரிப்பு இன்னும் அவர்கள் கைகளிலேயே இருந்தது. யாரும் உதறவில்லை. மேலே எதுவும் இல்லை. ஆனால் நடுவில், தரையைத் தொடும் அளவுக்குப் பள்ளம்.

"மாமா, பாரம் இல்லாமல் எப்பிடிப் பள்ளம் விழுந்தது?"

வாசலில், கையில் பற்றிஸ் பார்சலுடன் அப்பா நின்றிருந்தார்.

"இது சோதினைக்கு வருமோ?" என்று அத்தையைக் கேட்டார்.

"வராது அண்ணா."

அப்பா பார்சலை மேசையில் வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகும்படி மாமாவிடம் மிகுந்த மரியாதையுடன் சொன்னார். மாமா நின்றபடியே ஒன்றைச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அத்தை வழக்கம்போல் மேசையருகே இரண்டு நாற்காலிகளைப் போட்டு வைத்தார். மாமா வரவில்லை. என் கேள்வி கோட்பாட்டையே கவிழ்த்துவிட்டது, அவர் வீட்டிலிருந்து விடை தேடுகிறார் என்று நினைத்தேன். குசினியில், அடுப்பருகே, அம்மாவின் குரல் உயர்ந்தது.

"உங்களுக்கு ஒரு நியாயம், என்ர தம்பிக்கு இன்னொரு நியாயமோ?"

"ஒரு வீட்டுக்கு ஒண்டு காணும், ரெண்டாவது வேண்டாம்," என்றார் அப்பா.

பெரியவற்றுக்கு ஒரு விதி, சிறியவற்றுக்கு வேறு விதி என்று மாமா சொன்னதைத்தான் இவர்களும் கதைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அதன்பின் அத்தைக்கு ஓர் ஆசிரியை ஏற்பாடானார். அவர் சோதினைக்கு வருவதை மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

மாமா திரும்பி வர வேண்டுமானால் விடையை நானே கண்டுபிடித்தாக வேண்டும். என் சின்னத் தம்பியைக் கூப்பிட்டு, அதே விரிப்பை எடுத்தேன். அறையின் எதிரெதிர்ச் சுவர்களில் முதுகு முட்ட நின்று, கை வலிக்கும்வரை இழுத்துப் பிடித்தோம். பள்ளம் விழவில்லை. இன்னும் இறுக்கி இழுக்கச் சொன்னேன், அப்போதும் விழவில்லை. ஆளுக்கு இரண்டடி முன்னால் நடந்து பார்க்கலாம் என்று மட்டும் எங்களுக்குத் தோன்றவேயில்லை.