சகாயத்தின் கைராசியும் காற்றின் சுழியும்

நாங்கள் இருக்கும் ஜெர்மன் ஊரில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே உயரமான ஒரு புகைபோக்கி. திருவிழாப் பந்தல் கம்பத்தில் வண்ணத்தாள் சுற்றுவோமே, அதுபோல அதன் மேல்பாதியில் ஒரு தகட்டுப் பட்டை ஏறி ஏறிச் சுற்றியிருக்கும். ஏதோ கொண்டாட்டத்துக்குக் கட்டிவிட்டு அவிழ்க்க மறந்துவிட்டார்கள் என்றுதான் வந்த புதிதில் நினைத்தேன். மாதங்கள் போயும் யாரும் அவிழ்க்கவில்லை. என் மனைவி ஸ்டெல்லா இங்கே மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்குப் பின்னால் வந்த எனக்கு ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை கிடைத்தது. முதல் வாரமே என் கையில் தந்தது அதே பட்டையைத்தான். 'வெண்டல்' என்கிறார்கள். உடன் வேலை செய்யும் ஊவேயிடம், தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு, இது அழகுக்கா என்று கேட்டேன். என் வேலை அழகாக வந்திருக்கிறதா என்று நான் கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டார். "ஷோன், ஷோன்", அழகு அழகு என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மயிலாப்பூரில் கடலுக்குப் பக்கத்தில்தான் எங்கள் பங்குக் கோயில். மாதா திருவிழாவுக்குக் கொடிமரம் நிறுத்துவது பதினோரு வருஷம் என் பொறுப்பு. பெயர்தான் மரம், இரும்புக் குழாய். அதைத் தேய்த்து, வெள்ளையும் நீலமும் அடித்து, விரல் வழுக்கும்படி நிறுத்துவேன். கடற்காற்று சீராக வீசத் தொடங்கினால் அது பக்கவாட்டில் ஆடும், முனகும். ஜெபமாலை சொல்லும் பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்கள். ஒருமுறை உச்சியிலிருந்த நட்சத்திர விளக்கு கழன்று கீழே விழுந்தது. யார்மேலும் படாமல் மாதா காப்பாற்றினாள். ஆனால், "கொடி கட்றவன் வூட்ல ஜெபம் கீதா, இல்லியா?" என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். நோன்பிருந்தேன். பாவசங்கீர்த்தனம் செய்தேன். அது ஆடிக்கொண்டேதான் இருந்தது.

நான் விமானம் ஏறிய பிறகு பொறுப்பு ஸ்டெல்லாவின் தம்பி சகாயத்துக்குப் போனது. பெயின்ட் அடிக்க நேரமில்லாமல், துருவை மறைக்க ஒரு பழைய கயிற்றை மேலிருந்து கீழே சுற்றிவிட்டான். கயிறு போதவில்லை, அதனால் முழத்துக்கு ஒரு சுற்று. அந்த வருஷம் கொடிமரம் ஆடவில்லை, முனகவில்லை. பங்கு முழுக்க சகாயத்தின் கைராசிதான் பேச்சு. குழந்தைக்கு முதல் சோறு ஊட்டவும் புதுவீட்டுக்கு நிலை வைக்கவும் அவனைக் கூட்டிப்போனார்கள். ஸ்டெல்லா போனில் கேட்டுப் பூரித்துப்போவாள். நான் "நல்லது" என்பேன். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் சோறு இறங்காது. ஊரார் நம்மைப் பார்த்து வயிறெரிகிறார்கள் என்று வெளிநாட்டில் இருக்கும் நாம் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அது தலைகீழ். குழாயைத் திறந்தால் வெந்நீர் இங்கே எனக்கு. மாதாவின் கொடி அங்கே அவன் கையில்.

பிறகொரு நாள், வெண்டல் எதற்கு என்று காட்ட, ஊவே தண்ணீர்த் தொட்டியில் மரத்தூளைத் தூவி, என் கையில் ஒரு குழாய்த் துண்டைக் கொடுத்து இழுக்கச் சொன்னார். குழாய்க்குப் பின்னால் இடப்பக்கம் ஒரு சுழி கழன்றது, அடுத்து வலப்பக்கம், மறுபடி இடம். மழைக்காலத்தில் அடையாறு சைதாப்பேட்டைப் பாலத் தூணைத் தாண்டும்போது சுழித்துக்கொண்டு போகுமே, அதேதான். ஒவ்வொரு சுழியும் குழாயைத் தன் பக்கம் இழுக்க, என் மணிக்கட்டு நடுங்கியது. அதே குழாயில் கம்பியை இடைவெளி விட்டு, திருகாணி மரைபோலச் சுற்றித் தந்தார். இழுக்க முன்னைவிடக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது, ஆனால் நடுக்கம் போய்விட்டது. சுழிகள் ஒன்றுசேர முடியாமல் சிதறின. காற்றும் இப்படித்தான் என்று ஊவே வாயால் ஊதிக் காட்டினார். அங்கே நின்று நான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்ததோ, 'அப்போ அது அவன் கை இல்லை, கயிறு!'

இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு சகாயம் வீடியோவில் வந்தான். கொடிமரத்தின் பெருமை பரவி, ஜனங்கள் நேர்ந்துகொண்டு கயிறாகக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். எல்லாவற்றையும் அடியிலிருந்து நுனிவரை நெருக்கிச் சுற்றியிருந்தான்.

"பாத்தியா மாமா, கேப்பே இல்ல. போன வருஷம் கட்டுப் போட்ட காலு மாரி இருந்துச்சு."

இடைவெளி இல்லாவிட்டால் அது பருத்த ஒரு வழவழப்புக் குழாய், அவ்வளவுதான். ஆடும். வாயைத் திறந்த நான், "அழகா இருக்குடா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. அவன் வீட்டிலும் ஜெபம் இருக்கிறதா என்று கேட்கட்டுமே. ஜெபமாலையை எடுத்தால் மாதா முகம் வரவில்லை. ஆடுகிற கொடிமரம் வந்தது, நானும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அதன் உச்சியில் நட்சத்திர விளக்கும் தெரிந்தது. அதற்கு நேர் கீழேதான் பாட்டுக்குழுப் பிள்ளைகளை உட்கார வைப்போம். மணிகளை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"சகாயம், கயித்த அவுருடா. காத்துல ஆடும்."

"இன்னா மாமா, காண்டா? பதினோரு வருஷம் ஆட வுட்டது நீ."

"காண்டுதான்டா. ஆனா சொல்றது நெசம்."

அவன் குரல் இறங்கியது. "யாரு வூட்டு கயித்த மாமா வுடறது? அல்லாம் நேந்துகினு குடுத்தது."

"ஒண்ணையும் விடாத. எல்லாத்தையும் சேத்து மூணு வடமா முறுக்கு. மேல்பாதில, வடத்துக்கு வடம் ஜாண் இடைவெளி விட்டுச் சுத்து."

கொடியேற்றத்தின்போது இங்கே வேலை நேரம். போனைப் பட்டறை மேசைமேல் சாய்த்து வைத்து, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நின்றேன். அங்கே நல்ல காற்று, சேலைகளெல்லாம் படபடக்கின்றன. பேண்டு வாத்தியம் முழங்கக் கொடி ஏறியது. கொடிமரம் அசையவில்லை. "சகாயம் கை வெச்சா சும்மாவா!" என்று போனுக்குப் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அப்போதும் எனக்குச் சுருக்கென்றது. கண்ணும் நிறைந்தது.

ஊவே என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். தன் மெஷினை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து தலைகுனிந்து நின்றார். போனில் வெடிச்சத்தம், பட்டறையில் அமைதி. கொடி உச்சியைத் தொட்டதும் என் தோளை அழுத்தி, "மைன் பைலைட்" என்றார். இறந்தவர் வீட்டாரிடம் ஸ்டெல்லா மருத்துவமனையில் சொல்லும் வார்த்தை அது. யாரும் சாகவில்லை என்று சொல்ல எனக்கு ஜெர்மன் தெரியும்.

"டாங்கெ" என்று நன்றி மட்டும் சொன்னேன்.