பன்னிரண்டு மணிக்கு அணையும் மெயின்

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. ஆளுங்கதான் சொல்லுவாங்க."

தியாகராசன் இதைச் சொன்னபோது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அந்த அலுவலகத்தின் பெஞ்சுகளில் உட்கார இடமில்லை. வளைகுடா கம்பெனிக்காரர் உள்ளறையில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் பதிந்து, முன்கூட்டியே டெலக்ஸ் தந்தியில் போன பெயர்களை மட்டுந்தான் அவர் பார்ப்பார். வெல்டர் சிலுவைராஜின் பெயர் அதில் இல்லை. அக்கா ஆரோக்கியசெல்வியும் அப்பா மரியசூசையும் இரண்டு பக்கமும் நிற்க, அவன் கையில் சான்றிதழ்களைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் வந்தேன் சார். மத்தியானம் கோயில் மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நீங்கதான் அடிச்சீங்க. என் பேரு பச்சையா வந்துச்சு, பாத்தேன்."

தியாகராசன் பெஞ்சைப் பார்த்துக் கண்ணடித்தான். "பச்சையா வந்துச்சாம். இங்க பதியப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு எந்தச் சாராயக் கடையில பாத்தியோ! காரைக்கால்ல அதுக்கா பஞ்சம்?"

பெஞ்சு சிரித்தது. அங்கே பெயர் பதியும் புரோகிராமை எழுதியவனே அவன்தான். ஊருக்கு வந்த முதல் சில கம்ப்யூட்டர்களில் ஒன்று அந்த மெஷின். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவன் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது?

மரியசூசை மறுக்கவில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து 'மேரி' என்று பெரியவர்கள் சொல்லும் நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பதிவில் இருந்தால் உண்டு, பதிவில் இல்லையென்றால் இல்லை. வாழ்க்கை முழுக்க அதை நம்பியே வந்தவர். வாசலுக்கு வந்ததும் மகனை அறைந்தார். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

"அப்பா, சத்தியமா வந்தேன்ப்பா."

"பேசாத. இனிமே என் மூஞ்சியில முழிக்காத."

சிலுவைராஜ் அப்பா சொன்னபடியே செய்தான். காரைக்கால்மேட்டுக்குப் போய் யாரோ ஒருவருடைய மீன்பிடி லாஞ்சில் கூலியாக ஏறினான். வெல்டிங் தெரிந்தவனுக்குக் கடல் தெரியவில்லை. அந்த ஐப்பசி மழையில் லாஞ்சு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரை ஏறினார்கள். அவனைக் கடல்தான் கரைக்குக் கொண்டுவந்தது. அடக்கத்தின்போது பங்குச் சாமியார் மண் எடுத்துப் போடச் சொன்னார். மரியசூசை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போடவில்லை. அது எண்பத்தாறாம் வருஷம்.

செல்வி கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து வீட்டில் இருந்தவள். வீட்டில் உட்கார முடியாமல் நாகப்பட்டினத்தில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். பேஸிக் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாரையும்போல அவளும் தடுக்கி விழுந்துதான் கற்றாள். எண் கேட்கிற இடத்தில் எழுத்தை அடித்து, மெஷின் விடாமல் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்க, எப்படி வெளியே வருவதென்று தெரியாமல் விழித்தாள். முடிவே இல்லாத சுழற்சியை எழுதிவிட்டு, திரையில் தன் பெயர் நிற்காமல் ஓடுவதைப் பார்த்தாள். விலாசத்தில் ஒரு கமா போட்டதும் கமாவுக்குப் பிந்தைய ஊர் காணாமல் போக, ஏனென்று மண்டையை உடைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலை முழுவதும் பயிற்சிக்காக விலாசங்களை அடித்துக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. திரும்பி வந்ததும் பார்த்தால் ஃபைலில் ஒன்றுமே இல்லை.

"ஃபைலத் திறந்தியே, மூடினியா?" என்றார் வாத்தியார். "நீ அடிக்கிறது முதல்ல மெஷினோட நினைவுலதான் நிக்கும். 'க்ளோஸ்'னு ஒரு வரி போட்டு மூடினாத்தான் பிளாப்பியில போய் ஒழுங்கா உக்காரும். அதுக்குள்ள கரண்டு போச்சுன்னா எல்லாம் போச்சு. திரையில தெரிஞ்சிச்சேன்னு அழக்கூடாது. புதுசா கத்துக்கிற எல்லாரும் பண்றதுதான்."

வகுப்பு சிரித்தது. செல்வி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில தெரிஞ்சிச்சு. பச்சையா வந்துச்சு. கோயில் மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி.

காரைக்காலில் பன்னிரண்டு மணி அடித்தால் கடைக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் சாப்பிடவும் தூங்கவும் போய்விடுவார்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் கதவு திறக்கும். அடைக்கிறவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். தீ விபத்துக்குப் பயந்து தொடங்கிய வழக்கம் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. தியாகராசனின் புரோகிராம் காலையில் ஃபைலைத் திறக்கும் போலிருக்கிறது. வேலை முடித்து வெளியேறும்போதுதான் மூடும். அவன் வெளியேறாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போயிருப்பான். மெயின் அணைந்திருக்கும். தம்பியின் பெயர் மெஷினின் நினைவோடு போயிருக்கும். கற்றுக்குட்டி செய்கிற தப்பு. அதை வைத்துக்கொண்டு அவன் ஒரு பெஞ்சு ஆட்களைச் சிரிக்க வைத்தான்.

வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் பஸ் ஏறினாள். திருமலைராயன்பட்டினம் தாண்டுவதற்குள் மனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. இவள் சொன்னால் அவர் நம்புவாரா? மகன் சத்தியம் செய்ததையே நம்பாதவர். தியாகராசனின் வாய்தான் தம்பியைப் பொய்யன் என்றது. அந்த வாயே இல்லை என்று சொல்லட்டும்.

சில மாதங்களில், அதே அலுவலகத்தில் தட்டச்சு செய்ய ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். முதலாளி ஜெய்னுலாபுதீன் தங்கமான மனிதர். விசயம் எதுவும் அவருக்குத் தெரியாது. தியாகராசனுக்கு அவள் முகமே நினைவில்லை. 

மெஷின் பக்கம் அவளை அண்டவிட்டதும் புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அவள் நினைத்தபடியே இருந்தது. மற்றக் கோளாறுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொடுத்தாள். கமா போட்டால் ஊர் விழுந்துபோவதை நிறுத்தினாள். பிறந்த வருஷத்தில் எழுத்தை அடித்தால் ஏற்காதபடி செய்தாள். நீளப் பெயர்கள் பாதியில் அறுபடுவதைத் தடுத்தாள்.

"பரவாயில்லையே, நம்ம செல்விக்கும் கொஞ்சம் மூளை இருக்கு பாய்!" என்று முதலாளியிடம் சொல்லிச் சிரித்தான் தியாகராசன்.

"எல்லாம் நீங்க போட்ட கோடு சார்."

அந்த ஒன்றில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. மற்றவர் பிழைப்பைக் கெடுக்க அவளுக்கு விருப்பமில்லை. மணி அடிக்குமுன் தினமும் தானே புரோகிராமிலிருந்து வெளியேறிவிடுவாள். ஃபைல் மூடிக்கொள்ளும். அவள் சேர்ந்த பிறகு ஒருவர் பெயர்கூடத் தொலையவில்லை. அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் தம்பியின் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றத் தனியாகப் போனாள். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அன்றுகூட அவள் வாயைத் திறக்கவில்லை.

மறு வருஷம் புரட்டாசியில் தியாகராசன் நாற்காலியைத் தட்டினான்.

"எழுந்திரு செல்வி. துபாய்ல கம்ப்யூட்டர் ஆள் கேக்குறாங்களாம். எத்தனை நாள் இந்த ஊர்லயே வெந்து சாவறது? என் பேரை நானே அடிச்சுக்கிறேன்."

அவன் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், காலையில் வந்தவர்களின் பதிவுகள் போய்ச் சேரட்டும் என்று புரோகிராமை ஒருமுறை மூடித் திறந்துவிட்டுத்தான் எழுந்தாள். இப்போது ஃபைல் திறந்திருப்பது அவன் ஒருவனுக்காக மட்டும்.

இரண்டு விரலால் அடித்தான். பெயர் பச்சையாக வந்தது. "பாத்தியா, எவ்வளவு அழகா இருக்கு!" என்றான். கோயில் மணி அடித்தது. பியூன் அலாவுதீன் மெயின் பெட்டியண்டை போய் நின்றார்.

"சார், அணைக்கட்டுமா?"

"அணைங்க பாய். பசி குடலப் புடுங்குது."

ஒரு விசை தட்டினால் போதும், ஃபைல் மூடிக்கொள்ளும். செல்வி குடையை எடுத்துக்கொண்டாள். திரை சுருங்கிப் புள்ளியாகி மறைவதை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

துபாய்க்காரர் வந்த அன்று தியாகராசன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். அவனைக் கூப்பிடவில்லை. எழுந்து போய் மெஷினில் தேடினான். மறுபடியும் தேடினான். 

"பாய், இதே நாற்காலியில உக்காந்து என் கையால அடிச்சேன்!"

ஜெய்னுலாபுதீன் கையை விரித்தார். "டெலக்ஸ்ல இல்லாத ஆள அவரு பாக்க மாட்டாரு தம்பி. மெஷின் தப்பு பண்ணாதுன்னு நீங்கதானே எனக்கே சொல்லிக்கொடுத்தீங்க?"

"செல்வி, நீ பக்கத்துலதானே நின்னே? சொல்லு!"

இந்த நேரத்துக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார். ஆளுங்கதான் சொல்லுவாங்க. எந்தச் சாராயக் கடையில பாத்தீங்களோ."

பெஞ்சு சிரித்தது. தியாகராசன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கேயோ கேட்ட வார்த்தை என்பது அவனுக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது.

"நீ யாரு?"

"வெல்டர் சிலுவைராஜோட அக்கா."

அவனைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், ஃபைலைப் பற்றியும் மெயினைப் பற்றியும் சொன்னாள். அவனுக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"பாய்கிட்ட சொல்லு செல்வி. மெஷின் கோளாறுன்னு நீ சொன்னா அவரு அந்த ஆள்கிட்டப் பேசுவாரு. உன் கால்ல வேணா விழறேன்."

"சொல்றேன். முதல்ல எங்க அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க."

அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளோடு வீட்டுக்கு வந்தான். மரியசூசை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க மகன் அன்னிக்கு வந்தான். நான்தான் அடிச்சேன். என் புரோகிராம்லதான் தப்பு. அவன் பொய் சொல்லல." சொல்லச் சொல்ல வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மரியசூசை, "சரி, போங்க" என்றார். அவன் மிதித்துக்கொண்டு ஓடினான்.

செல்வி அவன் பின்னால் போனாள். வேகமாக நடக்கவில்லை. முதலாளியிடம் சொல்வதாகச் சொன்னதைச் சொல்லத்தான் செய்தாள். அப்போது துபாய்க்காரர் மெட்ராஸுக்குக் காரில் ஏறி, ஊர் எல்லையில் இருக்கிற பூவத்தையே தாண்டியிருப்பார். தியாகராசன் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டி உள்ளே போய் மெஷின் முன் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெயரும் பதிந்த உடனே ஃபைல் மூடிக்கொள்ளும்படி அந்த வரியை இடம் மாற்றி எழுதினாள். மெயினை யார் எப்போது அணைத்தாலும் இனி யாரும் தொலைய மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா அதே இடத்தில் இருந்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

செல்வி குடையை மூலையில் சாத்தி வைத்தாள்.

"சொல்லும்மா. போன கல்லறைத் திருநாளுக்கு முன்னாடியேவா?"

"ஆமாப்பா."

"நான் இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். நீ பாத்துக்கிட்டே மெழுகுவத்தி எடுத்துக்கிட்டுப் போனே."

"நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? அவன் சத்தியம் பண்ணினப்பவே நம்பலியே நீங்க."

அவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. தியாகராசனுக்கு வைத்த தண்டனையில் ஒரு பங்கை அப்பாவுக்கும் சேர்த்துத்தான் வைத்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாளிருந்தது. மறுநாள் காலையிலேயே மரியசூசை சுண்ணாம்பைக் கரைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவரின் பின்னால் செல்வி தென்னம்மட்டைத் தூரிகையோடு போனாள். கல்லறைத் தோட்டத்தின் கேட்டில் அவர் நின்று, தூரிகையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ அப்புறம் வா" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார்.